பிழைக்கு யார் பொறுப்பு?

புதிய செயலியோ இணையதளமோ எதிர்பார்த்த அளவுக்குப் பயன்படாதபோது அலுவலகக் குறிப்புகளில் மூன்று வாசகங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. மக்களிடம் விழிப்புணர்வு இல்லை. கிராமத்தினர் புதியனவற்றைக் கண்டு தயங்குகின்றனர். பயிற்சி முகாம்களைப் பெருக்க வேண்டும். குறை முழுவதும் மக்களிடம் இருப்பதாகவும், தீர்வு முழுவதும் நிர்வாகத்திடம் இருப்பதாகவும் கொள்ளும் மனப்போக்கு இது.

விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு நாள் இருந்து பார்த்தாலே இந்த விளக்கம் போதாது என்பது தெரிந்துவிடும். திருவாமாத்தூரில் நான் அடிக்கடி காண்பது இது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனுக்கு வாட்ஸ்ஆப்பில் நாள்தோறும் குரல்பதிவு அனுப்பும் தாய், உதவித்தொகை வந்துவிட்டதா என்று அறிய வங்கிச் செயலியைத் திறப்பதில்லை. அதற்காகப் பேருந்து ஏறி வங்கிக்குச் செல்கிறார். யூபிஐ அட்டையை வண்டியில் கட்டித் தொங்கவிட்டுக் காய்கறி விற்பவர், பட்டா மாறுதலுக்குத் தம் கைப்பேசியிலிருந்து விண்ணப்பிப்பதில்லை. இ-சேவை மையத்தில் காத்திருந்து, கட்டணம் கொடுத்து, அங்குள்ளவரைக் கொண்டே விண்ணப்பிக்கிறார். அதே கை, அதே கைப்பேசி, அதே எழுத்தறிவு. ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்கும் இந்த நடத்தைக்கு அறியாமை விளக்கமாகாது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பொருளியல் படித்தவன் என்ற முறையில் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

புதியன பரவும் விதம் குறித்த ஆய்வுகளுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் அயோவா மாநில விவசாயிகள் வீரிய மக்காச்சோள விதைக்கு எவ்வாறு மாறினர் என்பதை ரையன், கிராஸ் ஆகிய இரு சமூகவியலாளர்கள் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டனர். அந்த மரபைத் தொகுத்து 1962-இல் நூலாக்கிய எவரெட் ரோஜர்ஸ், ஒரு புதுமை ஏற்கப்படுவதைத் தீர்மானிக்கும் ஐந்து தன்மைகளைக் குறிப்பிட்டார். பழையதைவிடக் கூடுதல் பயன், வாழ்முறையோடு பொருத்தம், எளிமை, சிறிய அளவில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு, பிறர் பெற்ற பலனைக் கண்ணால் காணும் வாய்ப்பு ஆகியவை அவை. கணினியைப் பொறுத்தவரை, பயன்படும் என்ற எண்ணமும் எளிதில் கையாளலாம் என்ற எண்ணமுமே ஏற்பைத் தீர்மானிக்கின்றன என்று 1989-இல் ஃப்ரெட் டேவிஸ் சுருக்கிச் சொன்னார்.

இவை இன்றும் பயனுள்ள கருவிகள். எனினும், நம் சூழலுக்கு இவற்றோடு ஒரு கேள்வியைச் சேர்த்தாக வேண்டும். தகவலோ கருவியோ பிழையானால் அந்த இழப்பு யார் தலையில் விழும்? வசதியுள்ளவருக்கு ஒரு தவறான பரிவர்த்தனை எரிச்சல் தரும் செய்தி. தினக்கூலிக்கு அது ஒரு வாரச் சோறு. இருவரும் ஒரே செயலியைப் பயன்படுத்தினாலும், இருவர் ஏற்கும் இடர் ஒன்றன்று. ஏழையின் தயக்கத்தில் பெரும்பகுதி, தன்னால் தாங்க முடியாத இழப்பிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் விவேகமே.

இது பழைய அனுபவமும்கூட. திருவாமாத்தூர்க் கோயிலின் வட்டப்பாறையை இவ்வட்டாரத்தார் அறிவர். கொடுக்கல் வாங்கலிலோ பாகப் பிரிவினையிலோ வழக்கு எழுந்து, சான்று கிடைக்காதபோது, அங்கே நின்று சத்தியம் செய்து முடிவு காண்பது மரபாக இருந்தது. பொய்ச் சத்தியம் செய்தவர் அதன் விளைவை அனுபவித்தே தீர வேண்டும் என்பது நம்பிக்கை. சமய நம்பிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டு நிறுவனமாகப் பார்த்தால், அதன் அமைப்பு தெளிவானது. சொல்பவர் தம் சொல்லுக்குப் பிணை நின்றார். அதனால் கேட்பவர் நம்பினார். இன்றைய மின்னணுச் சேவைகள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. சொல்பவர் யாரென்றே தெரியாது. பிழையின் விளைவோ கேட்பவரையே சேருகிறது.

புதியதை வெறுப்பது தமிழர் இயல்பு என்று யாரேனும் சொன்னால், அச்சுக்கலையின் வரலாறு அதை மறுக்கும். தமிழில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இலேயே கொல்லத்தில் வெளிவந்தது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ஏடும் எழுத்தாணியும் வழக்கில் இருந்தன. நெடுங்காலம் அச்சகங்கள் சமயப் பணியாளர்களின் கையிலும் ஆட்சியாளர்களின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சகத்துக்கான கெடுபிடியைத் தளர்த்திய பின், இந்த மண்ணின் புலவர்களும் பதிப்பாளர்களும் அக்கருவியைத் தமதாக்கிக்கொண்டனர். மாறியது மக்களின் மனம் மட்டுமன்று. அச்சு அவர்கள் கைக்கு வந்து சேர்ந்த நிபந்தனையும் மாறியது.

நம் காலத்துச் சான்று விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி வில்லியனூரை மையமாகக் கொண்டு தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. இணையம் பெருநகரங்களுக்கே புதிதாக இருந்த காலம் அது. கிராமங்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பும் சூரிய மின்னாற்றலும் தரப்பட்டன. மையத்துக்கான இடத்தைக் கிராமமே தந்தது. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் இயங்கியது. உள்ளூர்ப் பெண்கள் அதை நடத்தினர். எந்தத் தகவல் தேவை என்று முதலில் மக்களிடமே கேட்டறிந்தனர்.

அத்திட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்தது வீராம்பட்டினம். மீனவர்கள் கேட்டது கடலின் நிலை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியான அலை உயரக் கணிப்பை இறக்கித் தமிழாக்கி, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மீனவர் கணினியைத் தொடவும் தேவையில்லை. வலையைச் செப்பனிட்டபடியே காதால் கேட்டுக்கொள்ளலாம். அதைவிட முக்கியமானது, கணிப்பு சரியா தவறா என்பதைக் கடலே அன்றைக்கே காட்டிவிடும் என்பது. அறிவித்த பெண்ணோ அடுத்த தெருவில் இருப்பவர். தவறினால் நேரில் கேட்கலாம். எங்கோ இருந்த வல்லரசின் தகவல், தெரிந்த குரலின் வழியே வந்தபோது ஊரின் தகவலாயிற்று.

அந்த நம்பிக்கையின் பயன் 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. ஆழிப்பேரலை குறித்துச் சிங்கப்பூரில் இருந்த இளைஞர் ஒருவர் புதுச்சேரி நல்லவாடு கிராமத்துக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவிக்க, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் தப்பினர். அன்று காலை அவர்களைக் காத்தது தொலைபேசியும் ஒலிபெருக்கியும் மட்டுமல்ல. அந்த ஒலிபெருக்கி சொன்னால் எழுந்து ஓடலாம் என்ற நம்பிக்கை அதற்கு முன்பே உருவாகியிருந்தது.

இதற்கு மாறான அனுபவம் மதுரை மாவட்டம் மேலூரில் கிடைத்தது. சென்னை ஐஐடியும் அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு நிறுவனங்களும் இணைந்த திட்டத்தில் 2001 முதல் கிராமந்தோறும் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. வருமானச் சான்று, சாதிச் சான்று போன்றவற்றுக்கு மையத்திலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றதும் மக்கள் ஆர்வத்துடன் வந்தனர். ஆதரவாக இருந்த அதிகாரிகள் மாறிச் சென்றதும் மறுமுனையில் பதில் சொல்ல ஆளில்லாமல் போனது. சில ஆண்டுகளுக்குள் பல மையங்கள் மூடப்பட்டன. கணினியும் இணைப்பும் இருந்தும், பொறுப்பேற்க வேண்டிய அலுவலகம் பின்வாங்கியபோது மக்கள் விலகினர். இதை மக்களின் மறுப்பு என்று பதிவு செய்வது நியாயமாகாது.

தகவலைப் பெற்றவர் அதைக்கொண்டு செயல்பட முடிகிறதா என்பதும் இக்கணக்கில் அடங்கும். வடகேரளக் கடற்கரைக்குக் கைப்பேசி வந்தபோது நேர்ந்ததை ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. படகில் இருந்தபடியே விலை விசாரித்து வேறு துறைக்குத் திரும்ப முடிந்ததால், மத்தி மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. நுகர்வோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. யாரும் முகாம் நடத்தவில்லை. படகு அவர் கையில் இருந்தது; எந்தத் துறையிலும் விற்கலாம். நம் பக்கத்து மணிலா விவசாயியின் நிலை அப்படியா? விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் விலையைக் கைப்பேசியில் பார்க்கலாம். ஆனால் விதைப்புக்கு வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக, மூட்டைகளை ஒரே வியாபாரியிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவருக்கு அந்த விலைப்பட்டியல் பெருமூச்சைத்தான் தரும். அவர் செயலியைத் திறக்காததற்குக் காரணம் தேட வேண்டிய இடம் கடன் சந்தை.

யூபிஐ பெற்ற வெற்றியையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். 2025 ஆகஸ்டில், ஒரே மாதத்தில், 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் அதன்வழி நடந்தன. சிறு கடைக்காரர் அதை நம்பியதில் ஓர் எளிய பெட்டிக்குப் பெரும்பங்கு உண்டு. பணம் வந்ததும் தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டியையே குறிப்பிடுகிறேன். எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பவரால் ஒவ்வொரு முறையும் கைப்பேசியை எடுத்துப் பார்க்க இயலாது. போலிப் படத்தைக் காட்டி ஏமாற்றுவோரும் இருந்தனர். பெட்டியின் குரல் அந்தக் கணத்திலேயே சரிபார்ப்பை முடித்து வைத்தது. வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியைப் போலவே இதுவும் காதின் வழியே நம்பிக்கையைச் சம்பாதித்தது.

அதே யூபிஐயில் பணம் பெறுவதற்கு அஞ்சாத பலர், பெருந்தொகையை அனுப்ப அஞ்சுகின்றனர். இதிலும் கணக்கு பிழையில்லை. வாடிக்கையாளரின் பொறுப்பு குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, வங்கியின் குறையால் நேர்ந்த இழப்புக்கு வாடிக்கையாளர் பொறுப்பாக மாட்டார். வெளியார் ஊடுருவலால் நேர்ந்திருந்தால் மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் ஏமாற்றுக்காரரின் பேச்சை நம்பிக் கடவுச்சொல்லை அவரே பகிர்ந்திருந்தால், புகார் செய்யும் வரை ஏற்படும் இழப்பு முழுவதும் அவருடையதே. ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் படித்தவர்களே சேமிப்பை இழக்கும் காலத்தில், கிராமத்துப் பெண்மணி வங்கிக்கு நேரில் செல்வதைப் பழமை என்று யாரால் சொல்ல முடியும்? வங்கியில் அவர் ஒரு முகத்தைப் பார்க்கிறார். சீட்டில் முத்திரை பெறுகிறார். இ-சேவை மையத்தில் காய்கறிக்காரர் கொடுக்கும் கட்டணமும் இத்தகையதே. தட்டச்சுக்கு மட்டும் அவர் பணம் தருவதில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் திரும்பிச் சென்று கேட்க ஓர் ஆளைப் பெறுகிறார்.

பாலின வேறுபாட்டையும் இங்கே மறக்கலாகாது. இணையத்தை ஒரு முறையேனும் பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) நாட்டளவில் தெரிவித்தது. கைப்பேசி கணவர் பெயரில், எண் மகன் பெயரில், கடவுச்சொல் வேறொருவர் நினைவில் என்றிருக்கும் வீட்டில், பெண்ணின் ‘ஏற்பு’ அவர் கையில் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது கட்டாயத்தை ஏற்பாகக் கணக்கிடும் போக்கு. புதுமையைத் தனிமனிதர் விரும்பி ஏற்பதையும், அதிகாரம் தீர்மானித்துத் திணிப்பதையும் ரோஜர்ஸ் தனித்தனியாகப் பிரித்தே பேசினார். நம் புள்ளிவிவரங்களில் அந்தக் கோடு அழிந்துவிட்டது. தமிழக நியாயவிலைக் கடைகளில் 2020 அக்டோபரில் விரல்ரேகைப் பதிவு நடைமுறைக்கு வந்தது. கரும்பு வெட்டியும் மணிலா ஆய்ந்தும் ரேகை தேய்ந்த கைகளைக் கருவி அறிவதில்லை. அந்த முதியவர் துடைத்துத் துடைத்து நான்காம் முறை விரலை வைக்கும்போது, அவரும் தொழில்நுட்பத்தை ‘ஏற்றவராக’ எண்ணப்படுகிறார். அரிசி வேண்டுமென்றால் அவருக்கு வேறு வழியில்லை.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் நாளுக்கு இரு முறை பணித்தளத்தில் படமெடுத்துக் கைப்பேசிச் செயலியில் வருகையைப் பதிவது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. முறைகேட்டைத் தடுப்பதே நோக்கம். தொடர்பில்லாத படங்களும், படத்தையே மீண்டும் படமெடுத்தவையும் பதிவேற்றப்படுவதாக 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுத நேர்ந்தது. முறைகேடு செய்வோர் கருவியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டனர். சமிக்ஞை கிடைக்காமல் வருகை பதிவாகாவிட்டால் கூலியை இழப்பவரோ வேலை செய்தவர். பிழையின் விலை மேலிருந்து கீழே தள்ளப்படுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தக் கேள்வி உயிர் தொடர்பானது என்பதை ஃபெஞ்சல் புயல் நமக்கு உணர்த்தியது. 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரை ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. எச்சரிக்கைகள் பலமுறை விடுக்கப்பட்டன என்றது அரசு. போதிய எச்சரிக்கை இல்லை என்றன எதிர்க்கட்சிகள். செய்தி அனுப்பப்பட்டதா என்று மட்டும் விவாதித்தோம். வந்த செய்தியை நம்பி எத்தனை வீடுகள் மாடுகன்றுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குச் சென்றன என்று கேட்கவில்லை. மின்சாரமும் கோபுரமும் செயலிழந்த இரவில் குறுஞ்செய்தி யாரைச் சேரும்? சேர்ந்தாலும், ‘1.68 லட்சம் கன அடி’ என்பது தன் தெருவில் முழங்கால் நீரா, கழுத்து நீரா என்பதை எளியவர் எப்படி அறிவார்? அந்த எண்ணைத் தெருவின் மொழியில் பெயர்த்துச் சொல்லும் தெரிந்த குரல் ஒன்று அங்கே தேவை.

இப்போது விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் பதியப்படுகிறது. அரசுச் சேவைகளில் செயற்கை நுண்ணறிவின் காலடியும் கேட்கத் தொடங்கிவிட்டது. தமிழில் கேட்டால் தமிழிலேயே விடை கூறும் கருவி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பெரிய வாசலைத் திறக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த மருந்தை எவ்வளவு தெளிப்பது என்பதில் அக்கருவி பிழையாகச் சொல்லிப் பயிர் கருகினால் ஈடு செய்பவர் யார்? அக்கேள்விக்கு விடை தயாராகும் முன்பே இலக்குகள் நிர்ணயிக்கப்பட்டுவிடும் என்பதே என் அச்சம்.

செய்ய வேண்டியவை செலவு மிகுந்தவையும் அல்ல. ஒவ்வொரு மின்னணு விண்ணப்பத்துக்கும் பொறுப்பான அலுவலர் இன்னார், முடிக்க வேண்டிய நாள் இது என்று ஒப்புகைச் சீட்டிலேயே அச்சிட வேண்டும். அதற்குச் சட்டத்தின் பின்பலம் தேவை. மத்தியப் பிரதேசம் 2010-இலேயே சேவை உத்தரவாதச் சட்டம் இயற்றி, தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம் விதிக்க வழிசெய்தது. தமிழ்நாட்டிலும் சேவை உரிமைச் சட்டத்துக்கான கோரிக்கை நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகிறது. தொழில்நுட்பத்தில் முன்னோடி என்று பெருமை கொள்ளும் மாநிலத்துக்கு இந்தச் சட்டம் கணினிகளைவிட அவசரமானது.

கருவி தவறினால் பயனாளி வெறுங்கையுடன் திரும்பக் கூடாது. பொருளை முதலில் கொடுத்துவிட்டு, சரிபார்ப்பைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கிளையின் கவுன்ட்டரையும் அலுவலகத்தின் விசாரணை மேசையையும் செயலி வந்துவிட்டது என்பதற்காக மூடக் கூடாது. திரும்பிச் செல்ல வழி இருக்கும்போதுதான் மனிதர் புதிய பாதையில் துணிந்து நடப்பர். இறுதியாக, எத்தனை பேர் பதிந்தனர் என்று விளம்பரப்படுத்தும் அரசுகள், எத்தனை பேருக்குக் கருவி மறுத்தது, எத்தனை புகார்கள் எத்தனை நாளில் தீர்ந்தன என்பதையும் வட்டம்வாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். அந்த இரண்டாவது பட்டியல் வெளிவரத் தொடங்கும் நாளில், விழிப்புணர்வு முகாம்களின் தேவை தானாகவே குறையும்.